ஜன்னல் வைத்த கம்ப்யூட்டர்

தொண்ணூற்றாறாம் வருஷம் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் கௌரவத்தை அதன் கம்ப்யூட்டரின் உயரத்தை வைத்து அளந்துகொண்டிருந்தார்கள். அதற்கு முன்னால் கொஞ்ச காலம் ஜெனரேட்டரின் சத்தத்தை வைத்து அளந்தார்கள். சத்தம் எவ்வளவு தூரம் கேட்கிறதோ அவ்வளவு பெரிய கம்பெனி. பிறகு எல்லோரும் ஜெனரேட்டர் வாங்கிவிட, எது யாருடைய சத்தம் என்று யாருக்கும் தெரியாமல் போய், அந்த அளவுகோல் கைவிடப்பட்டது.

ஸ்ரீ அனுக்கிரகா மோல்ட்ஸின் ஜெனரல் மேனேஜர் கோவிந்தப்பன், ஆயுத பூஜையன்று பக்கத்து மனைக் கம்பெனிக்குப் பொரி சுண்டல் வாங்கப் போனார். போனவர் பொட்டலத்தைப் பிரிக்காமலேயே திரும்பி வந்தார். பர்ச்சேஸ் ஆபீசர் மூர்த்தியைக் கூப்பிட்டுத் தன் இடுப்பில் கையை வைத்துக் காட்டினார்.

"இந்த ஒசரம்யா! பொட்டு வெச்சு, மாலை போட்டு, சாமி மாதிரி நிக்க வெச்சிருக்கான். நம்மகிட்ட இருக்கிறது எவ்ளோ ஒசரம்?"

"நம்முது படுத்த மாடலுங்க சார்," என்றார் மூர்த்தி. "நிமித்தி வெச்சா கொஞ்சம் ஒசரம் கெடைக்கும்."

"நிமித்தி வெச்சா ஓடுமா?"

"அது தெரியலைங்க சார். ஜெபசீலியைத்தான் கேக்கணும்."

ஜெபசீலிதான் அந்தக் கம்பெனியின் டிசைன் பிரிவு. பிரிவு என்றால் ஆட்கள் பலர் என்று நினைக்க வேண்டாம். தலைவர், உறுப்பினர், அலமாரிச் சாவி வைத்திருப்பவர் எல்லாம் அவளே. கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெண். பாலிடெக்னிக் முடித்து, பெங்களூரில் கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் படிப்பும் படித்துவிட்டு, மத்திகிரியில் வாடகை வீடு பிடித்து டவுன் பஸ்ஸில் வந்து போகிறாள். பிளாஸ்டிக் சாமான் வார்க்கிற இரும்பு அச்சுகளை அவள் திரையில் வரைந்து கொடுப்பாள். கீழே டூல்ரூமில் அதைப் பார்த்து இரும்பைக் கடைவார்கள்.

அவளிடம் இருந்த கம்ப்யூட்டர் பொறுமையைப் போதிக்கவென்றே செய்யப்பட்டது. வரைந்த உருவத்தைத் திரையில் கொஞ்சம் திருப்பிப் பார்க்க வேண்டுமென்றால், பட்டனை அழுத்திவிட்டு கேன்டீனுக்குப் போய் டீ குடித்துவிட்டு வரலாம். வந்து பார்த்தால் பாதி திரும்பியிருக்கும். மீதிப் பாதிக்கு இன்னொரு டீ. அந்த வேலையால் அவளுக்கு அனுபவம் கூடியதோ இல்லையோ, பித்தம் கூடியிருந்தது.

இதெல்லாம் வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த கதைதான். இப்போது அவசரம் வந்ததற்குக் காரணம் வேறு. பெரிய வண்டிக் கம்பெனி ஒன்று, தன் புது மொபெட்டின் முன்விளக்கைச் சுற்றி வருகிற பிளாஸ்டிக் மூடிக்கு அச்சு செய்யக் கேட்டிருந்தது. அந்த மூடியில் ஒரு இடம்கூட நேர்கோடு கிடையாது. எல்லாப் பக்கமும் வளைவு. தை மாதம் அவர்களுடைய ஆள் வந்து, டிசைன் எப்படி நடக்கிறது என்று நேரில் பார்ப்பார். திருப்தியில்லை என்றால் டிசைன் வேலை முழுக்க பெங்களூரில் ஒரு டிசைன் ஆபீசுக்குப் போய்விடும்.

"அப்புறம் எனக்கு என்ன வேலை சார்?" என்று ஜெபசீலி கேட்டாள்.

"டெஸ்பாட்சுல ஆள் பத்தலைன்னு சொல்றாங்கம்மா," என்றார் ஜி.எம். அன்பாக. "லேபிள் ஒட்டற வேலைதான். உக்காந்தே செய்யலாம்."

லேபிள் ஒட்டுவது ஒன்றும் கேவலமில்லை. ஆனால் போன மாதம்தான் சபையில் போதகர் எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்று, கம்ப்யூட்டரில் யந்திரங்களை உருவாக்கும் நம் சகோதரிக்காக ஸ்தோத்திரம் செலுத்தியிருந்தார். ஜெபசீலி தலை குனிந்துகொண்டாலும், பின்வரிசை வரைக்கும் கேட்டதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள். அந்த ஸ்தோத்திரத்தைத் திரும்ப வாங்கச் சொல்லி எந்த முகத்தோடு கேட்பது?

எனவே அவளுக்கு நல்ல கம்ப்யூட்டர் வேண்டும். கோவிந்தப்பனுக்கு உயரமான கம்ப்யூட்டர் வேண்டும். இரண்டு பேரும் ஒரே பொருளைத்தான் கேட்கிறோம் என்று நம்பிக்கொண்டு, மூர்த்தியையும் கூட்டிக்கொண்டு கம்பெனி அம்பாசடரில் பெங்களூருக்குக் கிளம்பினார்கள்.

கடையில் மஞ்சுநாத் என்ற விற்பனைக்காரன் இவர்களை ஏசியில் உட்கார வைத்து, பாதாம் பால் கொடுத்து, கன்னட மணத்தோடு தமிழ் பேசினான். மேஜைமேல் இரண்டு கம்ப்யூட்டர்கள். இரண்டும் ஒரே உயரம், ஒரே நிறம். இரண்டின் திரையிலும் ஒரு விமானம்.

"நோடி சார், இந்த மிஷின்ல ஏரோப்ளேன் எப்படிப் போகுது பாருங்க."

முதல் திரையில் விமானம், பழைய ஆல்பத்தை யாரோ ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவதுபோல் நின்று நின்று போயிற்று.

"இப்போ இது பாருங்க."

இரண்டாவது திரையில் விமானம் வழுக்கிக்கொண்டு பறந்தது. சாய்ந்தது, திரும்பியது, வயிற்றைக் காட்டியது. இறக்கையில் வெளிச்சம் ஓடி மறைந்தது. ஜெபசீலி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். அவள் மனதில் அது விமானமாகவே இல்லை. மொபெட் மூடி அப்படிச் சாய்ந்து வயிற்றைக் காட்டுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோவிந்தப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "ஏரோப்ளேன் கூடவே வருமா, தனியா வாங்கணுமா?"

"சும்மா டெமோ சார் அது."

"அப்ப ரெண்டுக்கும் என்னா வித்தியாசம்?"

"இதுல கிராஃபிக்ஸ் கார்டு இருக்குது சார். படம் திருப்பறது, நிழல் போடறது எல்லாம் அது தலைமேல வாங்கிக்கும். மத்த மிஷின்ல எல்லா வேலையும் ஒரே மூளை செய்யணும், பாவம்."

"எங்கே இருக்குது அந்தக் கார்டு?"

மஞ்சுநாத் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்து முழங்கை நீளத்துக்கு ஒரு பச்சைப் பலகையை எடுத்துக் காட்டினான். மேலே கறுப்புக் கறுப்பாகச் சில்லுகள், ஊர் வரைபடம்போல் தங்கக் கோடுகள். கோவிந்தப்பன் மெச்சிக்கொண்டே பார்த்தார். மஞ்சுநாத் அதை உள்ளே செருகி மூடியைப் போட்டான்.

"மூடிட்டா தெரியாதா?"

"தெரியாது சார். உள்ள இருந்து வேலை செய்யும்."

"பக்கத்துக் கம்பெனிக்காரர் வந்து பாத்தா?"

"பெட்டிதான் சார் தெரியும்."

கோவிந்தப்பன் மூர்த்தியைப் பார்த்தார். மூர்த்தி பையிலிருந்து அளவு டேப்பை எடுத்துப் பெட்டியின் உயரத்தை அளந்தார். பக்கத்துக் கம்பெனியின் பெட்டியைவிட நான்கு விரல் கூடவே இருந்தது. கார்டின் தலையெழுத்து அங்கேயே முடிவாகிவிட்டது. அதை ஜெபசீலி மட்டும் அறியவில்லை.

அறிந்தது மறுவாரம் நடந்த கமிட்டிக் கூட்டத்தில். கமிட்டி என்பது கோவிந்தப்பன், மூர்த்தி, ஒரு தட்டு முந்திரிப்பருப்பு. ஜெபசீலி கேள்வி கேட்டால் பதில் சொல்வதற்காக நிற்க வைக்கப்பட்டிருந்தாள். உயரமான பெட்டி சரி என்றார்கள். பெரிய திரை, ரொம்பச் சரி. கண்ணாடித் தடுப்பு போட்டு, ஏசி வைத்து, வாசலில் செருப்பு விடப் பலகையோடு ஒரு கம்ப்யூட்டர் மையம், அதுவும் சரி. அப்புறம் திறப்பு விழாக் கல்வெட்டு.

"கல்வெட்டு எதுக்கு சார்?" என்று ஜெபசீலி கேட்டே விட்டாள்.

"கிருஷ்ணகிரி கறுப்பு கிரானைட்டும்மா. ஃபாரின்காரன் கப்பல்ல ஏத்திக்கினு போறான். நம்ம ஊருக் கல்லை நாம வெக்கலைன்னா எப்படி?" என்றார் கோவிந்தப்பன். கல் ஏற்கெனவே வந்து இறங்கிவிட்டது என்றும், அதில் 'அதிநவீன கணினி மையத்தை' என்று தொடங்கி அவருடைய பெயரும் பட்டங்களும் வெட்டியாகிவிட்டன என்றும் மூர்த்தி மெல்லச் சொன்னார். கம்ப்யூட்டர் இன்னும் வரவில்லை. கல் வந்துவிட்டது.

செலவையெல்லாம் கூட்டிப் பார்த்தபோது கொஞ்சம் இடித்தது. எதையாவது எடுக்க வேண்டும்.

"உள்ள இருக்கிறது ஏதாச்சும் இருந்தா எடுத்துடுங்க மூர்த்தி," என்றார் கோவிந்தப்பன். "வெளிய இருக்கிறதுல கை வெக்காதீங்க."

கார்டு போயிற்று.

கம்ப்யூட்டர் வந்து இறங்கிய அன்று மஞ்சுநாத்தும் வந்தான். கம்பெனியில் நெடுங்காலமாக ஆபீஸ் துப்புரவு, டீ, பூஜை விளக்கு எல்லாம் பார்த்துக்கொள்ளும் நாராயணம்மா பெட்டிக்குச் சூடம் காட்டினாள். திரையின் விஸ்தாரத்தைப் பார்த்து, "ஏமம்மா இதி, இவ்ளோ பெரிய டிவில ஒரு சினிமாகூட வராதா?" என்று தெலுங்கு கலந்து வருத்தப்பட்டாள்.

வேலை முடித்துக் கிளம்பும்போது மஞ்சுநாத் ஜெபசீலியைத் தனியே கூப்பிட்டுப் பையிலிருந்து அந்தப் பச்சைப் பலகையை எடுத்தான். "மேடம், கார்டு ஒரு வாரம் வெச்சுக்குங்க. ஓட்டிக் காட்டுங்க. சாருக்குப் பிடிச்சா பில் போடறேன், இல்லேன்னா திருப்பி வாங்கிக்கறேன்." வியாபாரத் தந்திரம்தான். சாப்பிட்டுப் பார்த்தவன் இலையை விட்டு எழ மாட்டான் என்பது அவன் கணக்கு.

ஜெபசீலி கார்டைப் பொருத்தி மொபெட் மூடியைத் திரையில் ஏற்றினாள். மவுஸ் என்கிற சுண்டெலியை நகர்த்தினாள். மூடி அவள் கையோடு கையாகத் திரும்பியது. உள்ளே, வெளியே, அடியிலிருந்து, ஓரத்திலிருந்து, எங்கிருந்து வேண்டுமானாலும். அன்று அவள் ஒரு டீகூடக் குடிக்கவில்லை.

உடனே ஜி.எம்.மைக் கூட்டி வந்து காட்டினாள். கோவிந்தப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"நல்லா சுத்துது. முன்னாடியும் சுத்திச்சு இல்ல?"

"முன்னாடி மெதுவா சார். இப்ப உடனே திரும்புது."

"உனக்கு என்னாத்துக்கும்மா அவசரம்? மாசச் சம்பளம்தானே?" என்று சிரித்தார். "வாரம் முடிஞ்சதும் கார்டைக் குடுத்து அனுப்பிடு. கல்லுக்கு இன்னும் பாலிஷ் கூலி பாக்கி நிக்குது."

அன்று சாயங்காலம் ஜெபசீலி மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரை பெரிது, தப்பித்தது. பெட்டி உயரம், தப்பித்தது. கல், கண்ணாடித் தடுப்பு, செருப்புப் பலகை, எல்லாம் தப்பித்தன. கண்ணுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான், அது போயிற்று. இந்தக் கம்பெனியில் ஒரு பொருள் பிழைக்க வேண்டுமானால் அது வேலை செய்தால் போதாது, தெரிய வேண்டும். இவ்வளவு சுலபமான விதியைப் புரிந்துகொள்ள இத்தனை வருஷம் ஆகியிருக்கிறதே என்று தன்னைத் தானே நொந்துகொண்டாள்.

பிறகு பெட்டியின் பக்கவாட்டு மூடியை மட்டும் கழற்றி, சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு, டூல்ரூமுக்கு இறங்கிப் போனாள்.

டூல்ரூம் ஃபிட்டர் கரியப்பன் மூடியை வாங்கித் தட்டிப் பார்த்தான். "புதுப் பொட்டியாச்சே மேடம். ஒடஞ்சு பூட்டுதா?"

"ஒடையலைண்ணா. இதுல ஒரு ஜன்னல் வெட்டணும்."

"எதுக்கு? உள்ள புழுக்கமா இருக்குதா அதுக்கு?"

"உள்ள இருக்கிறது வெளிய தெரியணும்."

கரியப்பன் காரணம் கேட்கவில்லை. மேலே மாடியிலிருந்து வருகிற எந்த வேலைக்கும் அவன் காரணம் கேட்டு நாளாயிற்று. நாலு மூலையும் வளைத்து, பஸ் ஜன்னல்போல ஒரு ஓட்டை வெட்டினான். லேத் மிஷினில் இரும்புத் தூள் தெறிக்காமல் மறைக்க வைக்கிற, கண்ணாடிபோன்ற கெட்டி அக்ரிலிக் பலகையில் ஒரு துண்டை அதில் பொருத்தி, சுற்றிலும் ரப்பர் பட்டை ஒட்டினான். ஒரு பழைய மிஷினின் சிக்னல் விளக்கைக் கழற்றிக்கொண்டு வந்து, பெட்டிக்குள்ளே மஞ்சள் வெளிச்சமும் போட்டுக் கொடுத்தான்.

இரண்டு பேரும் மாடிக்கு வந்து மூடியைப் பொருத்தினார்கள். விளக்கைப் போட்டார்கள். குனிந்து பார்த்தார்கள்.

உள்ளே ஒரு பச்சைக் கோடு தெரிந்தது.

"எங்க மேடம் கார்டு?"

ஜெபசீலிக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. நிற்கிற பெட்டியில் கார்டு படுத்திருக்கும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் விளிம்புதான் தெரியும், முகம் கீழ்நோக்கி இருக்கும். வளைவு வளைவான மூடியை எல்லாக் கோணத்திலும் திருப்பிப் பார்க்கிறவளுக்கு இந்த ஒரு கோணம் தோன்றவில்லை. பத்திரமாக ஜன்னல் வெட்டி, விளக்குப் போட்டு, அவள் காட்சிக்கு வைத்திருந்தது கத்தியின் ஓரம்போல் ஒரு கீற்று.

"அவ்ளோதான், போச்சு," என்றாள்.

கரியப்பன் தலையைச் சாய்த்து உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தான். "மூஞ்சி கீழ பாக்குதுன்றீங்க."

"ஆமா."

"அப்ப கீழ ஒரு கண்ணாடி வெச்சா?"

மொபெட் கம்பெனி மாதிரிக்கு அனுப்பியிருந்த சாமான்களில் பக்கக் கண்ணாடி ஒன்று கீறல் விழுந்த விளிம்போடு டூல்ரூம் மூலையில் கிடந்தது. அதன் காம்பை அறுத்துவிட்டு, கார்டுக்குக் கீழே கொஞ்சம் சாய்த்து வைத்தான். மறுபடி விளக்கைப் போட்டபோது ஜெபசீலி, "ஆண்டவரே!" என்று சொல்லிவிட்டாள். மேலே விளிம்போடு ஒரு கார்டு. கீழே சில்லும் தங்கக் கோடுமாக, மஞ்சள் வெளிச்சத்தில் முழுமுகம் காட்டிக்கொண்டு இன்னொரு கார்டு. ஏதோ நகைக்கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்ததுபோல் இருந்தது.

மறுநாள் காலை கோவிந்தப்பன் வராந்தாவில் நடந்து போனவர் திரும்பி நடந்து வந்தார். வாசலில் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அவர் எந்த அறைக்கும் செருப்பைக் கழற்றியதாக வரலாறு இல்லை.

"என்னாம்மா இது?"

"அதுதான் சார் கிராஃபிக்ஸ் கார்டு. திருப்பிக் குடுக்கச் சொன்னீங்களே."

கோவிந்தப்பன் தன் வயதுக்கும் பதவிக்கும் பொருந்தாத விதத்தில் தரையில் குந்தி உட்கார்ந்தார். "ரெண்டு இருக்குதே!"

ஜெபசீலி வாயைத் திறந்தாள். என்ன சொல்வது என்று அவள் யோசிப்பதற்குள் பின்னாலேயே வந்திருந்த மூர்த்தி, பர்ச்சேஸ் ஆபீசர்களுக்கே உரிய சமயோசிதத்தோடு முந்திக்கொண்டார். "ரெண்டுதாங்க சார். மஞ்சுநாத்கிட்டப் பேசினேன். ஒரு கார்டு வெலைக்கே ரெண்டு தரச் சொல்லி மடக்கிப்புட்டேன்."

"சபாஷ்யா!"

ஜெபசீலி திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

இப்போது கமிட்டி மறுபடி கூடியது. முந்திரி இல்லாமலே கூடியது, அவ்வளவு அவசரம். கார்டை வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அதற்கு ஈடாக எதை எடுப்பது? கல்லை எடுக்க முடியாது, வெட்டியாகிவிட்டது. கடைசியில் கம்ப்யூட்டர் மையத்தையே எடுத்துவிட்டார்கள். கண்ணாடித் தடுப்பு வேண்டாம், தனி ஏசி வேண்டாம். "மாடியில கொண்டு வெச்சா எவன் ஏறி வந்து பாப்பான்? ரிசப்ஷன்ல வெச்சிடலாம், அங்கதான் ஏற்கெனவே ஏசி இருக்குதே," என்றார் கோவிந்தப்பன்.

இப்படியாக அதிநவீன கணினி மையம், வரவேற்பறையில் மீன் தொட்டிக்கும் சோபாவுக்கும் நடுவே அமைந்தது. சுவரில் கறுப்புக் கல் பளபளத்தது. ஜெபசீலி மொபெட் மூடியை வரைந்துகொண்டே, வருகிறவர்களை உட்காரச் சொன்னாள், கூரியரை வாங்கி வைத்தாள், ஃபோனை எடுத்து "ஜி.எம். மீட்டிங்ல இருக்காருங்க" என்றாள். லாரி டிரைவர்கள் ஜன்னல் முன்னால் குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நாராயணம்மா காலையில் சாமி படத்துக்கு வைக்கிற பூவில் ஒன்றைக் கிள்ளி ஜன்னலுக்கும் வைத்தாள். இத்தனைக்கும் நடுவில் வேலை முன்பைவிட வேகமாக நடந்தது என்பதுதான் விசேஷம்.

தை பிறந்தது. வாடகைக்கு எடுத்த குரோட்டன்ஸ் தொட்டிகள் வாசலில் வரிசை கட்ட, தரையில் மஞ்சள் கோடுகள் புதுப்பிக்கப்பட, வண்டிக் கம்பெனியிலிருந்து மைக்கேல்ராஜ் என்ற அதிகாரி வந்து இறங்கினார். இளவயது, குறைவான பேச்சு, கையில் சுருட்டிய வரைபடம். கோவிந்தப்பன் அவரை வாசலிலேயே பிடித்து, முதலில் கல்லைப் படிக்க வைத்தார். பிறகு ஜன்னலுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"உள்ள பாருங்க சார். கிராஃபிக்ஸ் கார்டு. இந்த ஏரியாவுல யார்கிட்டயும் ஒண்ணுகூடக் கெடையாது. நம்மகிட்ட ரெண்டு!"

மைக்கேல்ராஜ் குனிந்து பார்த்தார். இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"இது எங்க வண்டிக் கண்ணாடியாச்சே," என்றார்.

ஜெபசீலி சுண்டெலியை விட்டுவிட்டுக் கல்வெட்டுப் பக்கம் திரும்பினாள். மூர்த்தி மீன் தொட்டியில் எதையோ தேட ஆரம்பித்தார்.

"கண்ணாடியா?" என்றார் கோவிந்தப்பன்.

மைக்கேல்ராஜ் நிமிர்ந்து ஜெபசீலியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. கல்வெட்டில் இருக்கும் எழுத்துகளை முதல் தடவை படிப்பவள்போல் படித்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், கோவிந்தப்பனைப் பார்த்தார். அவரும் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறவர்தானே. அங்கேயும் கற்கள் இருக்கும்.

"மாதிரி சாமானை எல்லாம் பத்திரமா வெச்சிருக்கீங்கன்னு சொல்ல வந்தேன் சார்," என்றார். "எங்கே, எங்க மூடியைக் காட்டுங்க மேடம்."

ஜெபசீலி மறுபடி சுண்டெலியைப் பிடித்தாள். மூடியைத் திருப்பினாள். வெளிப்புறம் காட்டினாள். பிறகு அப்படியே உள்ளே நுழைந்து, விளக்கு உட்காரும் இடத்துக்குப் போனாள்.

"இங்க ஒரு கொக்கி இருக்குது பாருங்க சார். அச்சு ரெண்டா பிரியறப்போ இது மாட்டிக்கும். மூடி வெளிய வராது, வந்தாலும் கொக்கி ஒடைஞ்சிடும். நான் இங்க தனியா நகர்ற மாதிரி ஒரு துண்டு வெச்சிருக்கேன். மொதல்ல துண்டு வெலகும், அப்புறம் அச்சு தொறக்கும்."

அவள் துண்டை விலக்கிக் காட்டினாள். மூடி முழுசாக வெளியே வந்தது. மைக்கேல்ராஜ் கையில் இருந்த வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்தார். திரையில் திருப்பச் சொன்னார், இந்தப் பக்கம், அந்தப் பக்கம், அடியிலிருந்து. ஒரு கட்டத்தில் சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்து, சுண்டெலியை வாங்கித் தானே திருப்ப ஆரம்பித்துவிட்டார். "நானும் கொக்கியைப் பாத்தேன், இது மாட்டும்னு படலை. பேப்பர்ல இது தெரிய வாய்ப்பே இல்லை." இடையில் ஃபோன் அடித்தது. ஜெபசீலி எடுத்து ஜி.எம். மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னாள். ஜி.எம். பக்கத்தில் விளக்கின் ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது மைக்கேல்ராஜ், "டிசைன் இங்கேயே இருக்கட்டும் சார். பின்பக்க மட்கார்டும் உங்களுக்கே அனுப்பறேன். இவங்களே போடட்டும்," என்றார்.

"பாத்தியா மூர்த்தி, ஜன்னலோட மகிமையை!" என்றார் கோவிந்தப்பன், கார் திரும்புவதற்குள்.

ஜெபசீலி டெஸ்பாட்சுக்குப் போக வேண்டியதில்லை. போதகரின் ஸ்தோத்திரம் செல்லுபடியாகத் தொடர்ந்தது. வரவேற்பறையில் எல்லோர் கண்ணிலும் படுகிறாள் என்பதால் அவளுக்குப் புது நாற்காலி கிடைத்தது, தலைக்கு மேல் ஒரு விளக்கு கிடைத்தது, காலண்டர் ஒன்று கிடைத்தது. சம்பளம் மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. அது வெளியே தெரிகிற பொருள் இல்லையே.

ஒருநாள் மத்தியானம், வரவேற்பறையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கோவிந்தப்பன் வந்தார். மீன்களைப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, பக்கத்துக் கம்பெனி ஜி.எம். நாளைக்கு வராரு. ஜன்னலைப் பாக்கத்தான். அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் நல்லா தொடைச்சு வை."

"ஜன்னல் கண்ணாடியா சார்? நாராயணம்மா காலையிலேயே தொடைச்சாச்சு."

"அது இல்லம்மா. உள்ள, கீழ சாய்ச்சு வெச்சிருக்கிறது." அவர் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "தூசி படிஞ்சு ரெண்டாவது கார்டு மங்கலா தெரியுது."

ஜெபசீலி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் மீனைப் பார்த்தார்.

"மூர்த்திக்குத் தெரிய வேணாம்," என்றார். "ரெண்டு வாங்கினோம்னு நெனைச்சுக்கினு இருக்கான், பாவம்."

அவர் போனதும் ஜெபசீலி கம்ப்யூட்டரை அணைத்து, மூடியைக் கழற்றி, மெல்லிய துணி ஒன்றை எடுத்துக்கொண்டு, இரண்டாவது கார்டைத் துடைக்கக் குனிந்தாள்.